பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைக் காக்க விரும்புவோர் செய்ய வேண்டியவை

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற, சென்னையிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். ஆயினும் பட்டியலில் பெயர் சேர்ந்ததாலேயே மண் கொட்டும் லாரிகள் நின்றுவிடுவதில்லை.

முதலில் நிலத்தின் ஆவணங்களைத் திரட்டுங்கள். கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுப் படம்), 'அ' பதிவேடு (நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், எந்தச் சர்வே எண் கழுவெளியாக, அதாவது சதுப்பு நிலமாக, பதிவாகியுள்ளது என்பது தெரியும். புகாரில் சர்வே எண் இல்லையெனில் அதற்கு வலுவில்லை என்பதே என் கருத்து.

அடுத்து, தண்ணீரைப் பின்தொடருங்கள். சதுப்பின் மிகைநீர் ஒக்கியம் மடுவு என்னும் நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைகிறது; சாலைக்கு அடியிலுள்ள ஒரு சிறுபாலத்தின் வாயைக் கட்டட இடிபாடுகள் அடைத்திருந்தால், அவ்விடத்தை ஒரே கோணத்தில், தேதியுடன், மழைக்கு முன்னும் பின்னும் படமெடுத்து வையுங்கள்.

பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவைப்படும் திட்டமாயின், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துத் தெரிவிக்கக் குறைந்தது 30 நாள் அவகாசம் அளிக்கப்பட வேண்டும். ஆட்சேபங்களை எழுத்து மூலமாகவும் அளித்து, ஒப்புகை பெறுங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் விளக்கி வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பலரும் அதற்குமுன்பே எழுந்து சென்றுவிடுவது வருத்தத்திற்குரியது, ஏனெனில் நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே திருத்தக் கோரலாம்.

சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டுவிட்டால், 30 நாட்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். போதிய காரணம் காட்டினால் மட்டுமே மேலும் 60 நாட்கள் வரை தாமதம் ஏற்கப்படும். அத்தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே உள்ளது.