காலைத் தொட வேண்டாம்: முதுகு வலிக்காரர்களுக்கு தினமும் 15 நிமிட யோகா

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் நான். இரண்டு வருடங்களுக்கு முன் கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. காலையில் சாக்ஸ் மாட்டக் குனிவதே பெரும்பாடு. மருத்துவர் பரிசோதித்து, டிஸ்க் கோளாறு எதுவும் இல்லை, தசை இறுக்கம்தான் என்றார். அதன் பிறகே யோகா தொடங்கினேன். முதல் மாதம் வலி குறையவில்லை, கூடியது. ஒரே ஒரு ஆசனத்தைத் தப்பாகச் செய்துகொண்டிருந்தேன். அதைத் திருத்திய பிறகு வந்த மாற்றம்தான் இதை எழுத வைத்தது.

நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மருந்துக்கு முன்பே முயன்று பார்க்க வேண்டியவை என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் சொன்ன பட்டியலில் யோகாவும் உண்டு. ஆனால் வலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்துப்போனாலோ முதலில் மருத்துவரிடம் போங்கள்.

விரிப்பு

4 அல்லது 5 மி.மீ. தடிமன் போதும். 10 மி.மீ. விரிப்பு மெத்தென்று இருக்கும், ஆனால் நின்று செய்யும்போது பாதம் உள்ளே அமிழ்ந்து தள்ளாடும். முட்டி வலித்தால் போர்வையை மடித்து அடியில் வையுங்கள். வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

1. மூச்சு, 3 நிமிடம்

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும் என்பதால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். தூக்கம் வராத இரவுகளிலும் இதை மட்டும் செய்கிறேன்.

2. மார்ஜாரி ஆசனம், 2 நிமிடம்

பூனை மாதிரி நான்கு காலில் நின்று, மூச்சை விட்டபடி முதுகைக் குவித்து, இழுத்தபடி குழிக்க வேண்டும். மெதுவாக.

3. பாதஹஸ்தாசனம், 4 நிமிடம்

நின்றபடி முன்னால் குனிந்து கையைப் பாதத்தை நோக்கிக் கொண்டுபோகும் ஆசனம். நான் சறுக்கியது இங்கேதான்.

'இடுப்பிலிருந்து குனியுங்கள்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இடுப்பு என்றதும் பெல்ட் கட்டும் இடத்தை நினைத்து அங்கே வளைந்தேன். அது கீழ்முதுகு. மடங்க வேண்டிய மூட்டு அதற்கும் கீழே இருக்கிறது. நின்றபடி ஒரு முழங்காலைத் தூக்கிப் பாருங்கள். தொடை தொடங்கும் இடத்தில் பேன்ட்டில் ஒரு மடிப்பு விழும். அதுதான் கீல்.

சரி, அங்கே ஏன் மடங்க மறுக்கிறது? ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் தொடைப் பின்தசை, உட்கார்ந்தால் தரையில் குத்துகிற அந்த எலும்பில்தான் தொடங்குகிறது. முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அது இறுகியிருந்தால் இடுப்பெலும்பைக் கீழே பிடித்து வைத்துக்கொள்ளும். விரல் எப்படியாவது காலைத் தொட வேண்டும் என்று நாம் எட்டும்போது, மீதி வளைவை முதுகுத்தண்டு கொடுக்கிறது. நாற்காலியில் நாளெல்லாம் கூன் போட்ட அதே இடம்!

தீர்வு: முழங்காலை மடக்குங்கள். வெட்கப்படாமல் நன்றாகவே மடக்குங்கள். தசை தளரும், இடுப்பெலும்பு உருளும், வயிறு தொடையில் வந்து படியும். கையை ஒரு ஸ்டூல் மேல் வைத்துக்கொள்ளலாம். தொடையின் நடுவில் இழுத்தால் சரி. தசை எலும்போடு ஒட்டும் இடத்திலோ கீழ்முதுகிலோ இழுத்தால் பாதி எழுந்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் மாப் கம்பை முதுகோடு நிறுத்திப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பில் பட வேண்டும். குனியும்போது எந்த உயரத்தில் இவற்றில் ஒன்று கம்பை விட்டு விலகுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. என் எல்லை முதல் வாரம் முழங்கால் உயரத்தைக்கூட எட்டவில்லை.

4. புஜங்காசனம், 2 நிமிடம்

குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் தூக்குங்கள். ஒரு கணம் கையைத் தரையிலிருந்து எடுத்தாலும் நெஞ்சு கீழே விழாத உயரம்தான் சரியான உயரம்.

5. சவாசனம், 4 நிமிடம்

மல்லாந்து படுத்து, உடலைத் தளர்த்தி அசையாமல் கிடங்கள். நேரமில்லை என்று இதை வெட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் செய்வதைவிட தினமும் இந்த 15 நிமிடம் மேல் என்பது என் உறுதியான கருத்து. முதல் சில வாரங்களில் தசை நீண்டுவிடுவதில்லை. அந்த இழுப்பைப் பொறுத்துக்கொள்ள நரம்பு மண்டலம் பழகுகிறது, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் அடிக்கடி செய்தால்தான் நிற்கும். சாப்பிட்டு 2, 3 மணி நேரம் கழித்துச் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: மணிக்கட்டு வலிக்கிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். மார்ஜாரியில் உள்ளங்கைக்குப் பதில் முஷ்டியை ஊன்றிப் பாருங்கள்.

இன்னொன்று: குனிந்து நிமிர்ந்ததும் தலை சுற்றுகிறது என்று ரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் ஒருவர் கேட்டிருந்தார். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். அந்த மாத்திரை எடுப்பவர்களும் கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் தலையைத் தொங்கவிட வேண்டாம். தலை தாழ்ந்தால் கண்ணின் அழுத்தம் ஏறும். மேசையில் கையூன்றி, முதுகு தரைக்கு இணையாக வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் 4ஆம் படியை விட்டுவிட்டு, மற்றவற்றையும் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.