ஆங்கிலம் ஓடும் இடத்தில் தமிழ் நடக்கும்: 'ரன்' சொல்லைப் பிடிக்க ஒரு வழி

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். "கடிதம் தயார், அனுப்பட்டுமா?" என்று இருந்த இடத்திலிருந்தே கேட்டேன். "ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்" என்றார் மேலாளர். ஏதோ அவசரம் போல என்று ஓட்டமும் நடையுமாகப் போய் அனுப்பிவிட்டு வந்தேன். 'முதலில் என்னிடம் ஒரு தடவை காட்டு' என்பதுதான் அவர் சொன்னது.

அன்று இரவு அகராதியில் 'ரன்' பார்த்தேன். தலை சுற்றியது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு. சுமார் 430 பொருள்கள். 2011-இல் வந்த கணக்குப்படி 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள்கள்! இதை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பாதி தூரத்துக்கு நம்முடைய 'ஓடு' கைகொடுக்கும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தமிழில் எது எது ஓடுகிறது?

நோட்டின் இடப்பக்கம் எழுதுங்கள். பையன் ஓடுகிறான். ஆறு ஓடுகிறது. ஃபேன் ஓடுகிறது. பஸ் ஓடுகிறது. படம் 100 நாள் ஓடியது. மனதில் ஒரு எண்ணம் ஓடியது. பாட்டு அவர்கள் குடும்பத்து ரத்தத்திலேயே ஓடுகிறது.

இத்தனையிலும் ஆங்கிலத்திலும் 'ரன்' போடலாம். "தி ஃபிலிம் ரேன் ஃபார் எ ஹண்ட்ரட் டேஸ்" என்பதில் மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை. ஆக, புதிதாகக் கற்கிறோம் என்று நினைக்கும்போதே ஏழெட்டுப் பொருள்கள் கையில் இருக்கின்றன.

படி 2: ஓடுவதா, ஓட்டுவதா?

சிக்கல் தொடங்குவது இங்கேதான். தமிழ் 'ஓடு' என்பதையும் 'ஓட்டு' என்பதையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்' ஒன்றுதான். மோட்டார் தானாக ஓடினாலும் 'ரன்', மோட்டாரை நாம் ஓட்டினாலும் 'ரன்'. அதனால் 'ரன்' கண்ணில் பட்டதும், அதற்குப் பின்னால் 'எதை?' என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது 'ஓட்டு' வகை.

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. "ஹி ரன்ஸ் எ பஸ்" என்றால் அவர் பஸ் ஓட்டுகிறார் என்று பொருள் கொள்ள முடியாது. ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு 'டிரைவ்' வேண்டும். 'ரன்ஸ் எ பஸ்' என்றால் பஸ் விட்டிருக்கிறார், அதை வைத்துத் தொழில் செய்கிறார். டிரைவரை முதலாளி ஆக்கிவிடாதீர்கள்!

படி 3: அவர்கள் ஓடும்போது நாம் என்ன செய்கிறோம்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இப்போது நோட்டின் வலப்பக்கத்துக்கு வாருங்கள்.

கடை, பள்ளிக்கூடம், ஓட்டல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் 'ரன்' செய்வார்கள். நாம் 'நடத்துகிறோம்'. அதாவது நடக்க வைக்கிறோம். ஒரே வேலைதான், அவர்கள் ஓட வைக்கிறார்கள், நாம் நிதானமாக நடக்க வைக்கிறோம். தேர்தல் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் 'ரன்' செய்வார். பிரிட்டனில் வழக்கமாக 'ஸ்டாண்ட்' செய்வார். நம் ஊரிலும் வேட்பாளர் நிற்கத்தான் செய்கிறார்.

இப்படியே சேர்த்துக்கொண்டு போங்கள். மூக்கு ஆங்கிலத்தில் ஓடும், தமிழில் ஒழுகும். புதுத் துணியை ஊறப்போட்டால் அங்கே சாயம் ஓடும், இங்கே சாயம் போகும். அங்கே காய்ச்சலை 'ரன்' செய்வார்கள், இங்கே காய்ச்சல் அடிக்கும். ஈசிஆர் சாலை கடற்கரையை ஒட்டியே 'ரன்' ஆகும். அசையாத சாலைக்கு என்ன ஓட்டம் என்று சிரிக்க வேண்டாம். 'ரோடு மகாபலிபுரம் வழியாகப் போகிறது' என்று நாமும்தான் சொல்கிறோம். பத்திரிகை ஒரு செய்தியை 'ரன்' செய்தால் வெளியிட்டது என்று பொருள்.

எல்லாவற்றிலும் அடியில் இருப்பது இடைவிடாமல் தொடர்ந்து போவது என்ற எண்ணம்தான். பொருள் பிடிபடாதபோது 'இங்கே எது தொடர்ந்து போகிறது?' என்று கேட்டுப் பாருங்கள், பல நேரம் விடை கிடைத்துவிடும்.

படி 4: வால் சொற்கள்

அந்தக் கேள்வி உதவாத இடம் இது. 'ரன்' பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டினால் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாகவே எழுதிவையுங்கள். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது: சர்க்கரை தீர்ந்துவிட்டது, பெட்ரோல் தீர்ந்துவிட்டது. 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. வண்டி போய் மோதினாலும் அதுவே. 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏறிவிடுவது. கூட்டம் 'ரன் ஓவர்' ஆனால் நேரம் தாண்டிப் போய்விட்டது, யாருக்கும் அடிபடவில்லை. என்னைக் கவிழ்த்த 'ரன் பை' உங்களுக்கே தெரியும்.

நாளுக்கு ஒன்று போதும்.

படி 5: பெயர்ச்சொல்லாக வரும்போது

கிரிக்கெட் ரன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'பேங்க் ரன்' மட்டும் கவனம்: வங்கி மூழ்கிவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் எடுக்க முண்டியடிப்பது. 'டிரையல் ரன்' வெள்ளோட்டம். பாருங்கள், இதில் தமிழும் ஓடுகிறது.

படி 6: அகராதியைத் திறக்கும் முறை

கற்பவர்களுக்கென்று வந்த அகராதியையே எடுங்கள். அதில் அதிகம் புழங்கும் பொருள்கள் பெரும்பாலும் முன்னால் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி வரலாற்று முறையில் பழைய பொருள்களிலிருந்து தொடங்கும். ஆராய்ச்சிக்கு நல்லது, அவசரத்துக்கு உதவாது. அப்புறம், பொருளை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் நோட்டில் எழுதுங்கள். நான் முதல் ஆறு மாதம் வெறும் பொருளை எழுதினேன், ஒன்றும் நிற்கவில்லை.

சரி, இப்போது உங்கள் முறை. "ஸம்படி லெஃப்ட் தி டேப் ரன்னிங், ஸோ வி ரேன் அவுட் ஆஃப் வாட்டர், அண்ட் நௌ ஐ ஆம் ரன்னிங் லேட்." மூன்று 'ரன்' இருக்கின்றன. எது இடப்பக்கம், எது வலப்பக்கம், எதற்கு வால் இருக்கிறது?