ஹனிகோம்ப் பிளைண்ட்: குளிர்நாட்டுக் கணக்கை நம்பி வாங்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மேற்குப் பார்த்த தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு என்றால், மாலை நாலு மணிக்கு ஹாலில் உட்கார முடியாது. அதனால் ஜன்னலுக்கு ஹனிகோம்ப் பிளைண்ட் போடலாமா என்று பலரும் விசாரிக்கிறார்கள். துணிக்குள் அறை அறையாகக் காற்றை அடைத்து வைக்கும் திரை அது. நல்ல பொருள்தான். ஆனால் அதை வாங்கும்போது போடுகிற கணக்கு பெரும்பாலும் நம் ஊருக்கானது இல்லை.

"40 விழுக்காடு மிச்சம்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்வது, ஹீட்டர் போடும் பருவத்தில், ஜன்னலோடு இறுக்கமாகப் பொருந்திய திரை, ஜன்னல் வழியே வெளியேறும் வெப்பத்தை 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைக்கும் என்பது. அங்கே வெளியே பனி கொட்டும். இங்கே வெளியே 33 டிகிரி, ஏர்கோன் அறைக்குள் 25. இந்தச் சின்ன வித்தியாசத்தில் காற்றறைக்குப் பெரிய வேலை இல்லை. நம்மைப் படுத்துவது நேராக விழும் வெயில். ஆகவே துணியில் இரட்டைக் காற்றறை வேண்டும் என்று கூடுதல் காசு கொடுப்பதைவிட, கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்று கேளுங்கள். வெள்ளை, வெயிலில் ஒரு பங்கைக் கண்ணாடி வழியே திருப்பி அனுப்பும். அடர்நிறத் துணி தானே சூடேறி, அந்தச் சூட்டை அறைக்குள் விடும்.

அடுத்தது, வீடு முழுக்க ஆர்டர் கொடுப்பது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். காலை வெயில் கிழக்கு ஜன்னலிலும் மாலை வெயில் மேற்கு ஜன்னலிலும்தான் தாக்கும். நடுப்பகலில் சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் இருப்பதால், வடக்கையும் தெற்கையும் கூரை நீட்டமே பெரும்பாலும் காப்பாற்றிவிடும். இரு பக்கமும் ஒட்டிய ஒற்றை மாடி வீட்டுக்கு ஜன்னல் முன்னும் பின்னும்தான். அங்கே சூடு அதிகம் இறங்குவது கூரையிலிருந்து. முதல் செலவு சீலிங்குக்கு மேல் இன்சுலேஷனுக்குப் போகட்டும். கையில் காசு குறைவா? போர்ச்சில் மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். கண்ணாடியைத் தொடும் முன்பே வெயிலைத் தடுப்பதற்கு ஈடு இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஜன்னலுக்கு வெளியே சாக்குப்படுதா கட்டியவர்களுக்கு இது யாரும் சொல்லித் தெரிந்ததில்லை.

அளவெடுப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நம் வீடுகளில் பலவற்றில் கிரில் உள்பக்கம் இருக்கும். சட்டத்துக்குள் திரையைப் பொருத்த நினைத்தால் ஆழம் போதாது. கிரில் பூட்டும் ஜன்னல் கைப்பிடியும் துணியில் இடிக்கும். அப்படியானால் சுவரில் மாட்டி, பக்கத்துக்கு ஏழெட்டு சென்டிமீட்டராவது கூடுதலாக மூடச் சொல்லுங்கள். சட்டத்துக்குள் மாட்ட இடமிருந்தால் அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்து, சிறியதைக் கொடுங்கள். நீங்களாக ஒரு சென்டிமீட்டர் கழிக்காதீர்கள். பட்டறையிலும் கழித்தால் இருபுறமும் வெயில் கீற்று விழும். நாக்கோ ஜன்னல் (கண்ணாடித் துண்டுகளை அடுக்கிய ஜன்னல்) இருக்கும் அறையில் ஏர்கோன் காற்று அந்தத் துண்டுகளின் இடுக்கு வழியே போய்க்கொண்டே இருக்கும். அந்த இடுக்கை அடைக்காமல் திரை மட்டும் போட்டு தெனாகா (மின்சார) பில் குறையவில்லையே என்றால் எப்படி?

வாங்கும்போது யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. தேன்கூட்டு அறைகளின் இரு முனையும் திறந்தே இருக்கும். மழை விட்ட இரவில் விளக்கைத் தேடி வரும் ஈசல் அதற்குள் புகுந்து செத்துக் கிடக்கும். வெளிச்சம் கசியும் துணியென்றால் காலையில் அவை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஒரு முனையிலிருந்து ஊதினால் வெளியே வந்துவிடும். துணியை நனைத்துத் தேய்த்தால், இந்த ஈரப்பதத்தில் உள்ளே காயாமல் பூஞ்சை பிடிக்கும்.

வெளிச்சத்தை முழுக்க மறைக்கும் ரகம் படுக்கையறைக்குச் சரி. ஹாலிலும் அதையே போட்டால் பகலிலேயே லைட் எரியும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கயிறு தொங்கும் ரகம் வேண்டவே வேண்டாம், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அப்புறம், ஏர்கோன் போடாத அறையில் வெயில் இறங்கியதும் திரையைத் தூக்கி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பகல் முழுக்கச் சூடேறிய செங்கல் சுவர் ராத்திரியில்தான் அந்தச் சூட்டைக் கக்கும்.