கரையில் தலைகாட்டும் கப்பல் மரம்: மதுரையிலிருந்து போகும் தன்னார்வலர்கள் பதிவு செய்யும் முறை

வாடைக்காற்று ஓய்ந்து தை பிறந்ததும், தொண்டியிலிருந்து ராமேசுவரம் வரை உள்ள வடகடல், அதாவது பாக் விரிகுடாக் கரையில் மணல் அரித்துப்போன இடங்களைப் பார்க்க வேண்டும். உடைந்த பழைய கப்பலின் பலகை ஓரம், வரிசையாக ஆணித் துளைகள், சிப்பி ஒட்டிய துருக்கட்டி என்று ஏதாவது தலைகாட்டலாம். சில வாரங்களில் மணல் திரும்ப மூடிவிடும், இல்லையென்றால் யாராவது அடுப்புக்கு இழுத்துப் போய்விடுவார்கள். அதற்குள் அளந்து, படமெடுத்து, வரைந்து வைப்பதுதான் நம் வேலை. தென்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடாக் கரையில், மாசி, பங்குனி நல்ல காலம். வைகாசிக்கு மேல் தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் அளவு நாடா நேராக நிற்காது.

எதையும் எடுத்து வரக்கூடாது. இதில் விலக்கே இல்லை. உப்புநீரில் பல காலம் ஊறிய மரத்தின் திசுக்களைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கும் நீர்தான். வெயிலில் காய்ந்தால் அவை உள்ளொடுங்கி, பலகை சுருங்கிப் பிளக்கும். உப்பு படிகமாகி மிச்சத்தையும் உரிக்கும். 1961-ல் சுவீடனில் கடலடியிலிருந்து தூக்கிய வாசா கப்பலின் மரம் காய்ந்து கெடாமல் இருக்க 17 ஆண்டுகள் பாலிஎத்திலின் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற வேதிப்பொருளின் கரைசலைத் தெளித்தார்கள். நம் மொட்டைமாடியில் அது நடக்காது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் மதிப்புள்ள பொருள் பத்து ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் மூன்று இடங்களில் சொல்லிவிடுங்கள்: மாவட்ட நிர்வாகம், கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையம், போகும் ஊரின் மீனவர் சங்கம் அல்லது ஜமாத். எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இலங்கைக்கு இவ்வளவு அருகில் உள்ள கரையில் நாடாவும் கேமராவுமாக நாலு பேர் நின்றால் விசாரணை வரத்தான் செய்யும், அதில் தப்பும் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. மேலிருந்து படம் வேண்டுமானால் மூன்று மீட்டர் சவுக்குக் கம்பின் நுனியில் போனைக் கட்டி, இடைவெளி டைமரில் விட்டால் போதும்.

ஊரில் விசாரிக்கும்போது "கப்பல் முங்கின கதை இருக்கா ஐயா?" என்று ஆரம்பித்தால் கதைதான் வரும். "எந்த எடத்துல வலை மாட்டிக் கிழியுது?" என்று கேளுங்கள். வலை கிழியும் இடம் பாராகவும் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கலாம், உடைந்த கலமாகவும் இருக்கலாம். பெரியவர்கள் அந்த இடத்தைக் கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றின் பின் ஒன்றாக நேர்பார்த்துச் சொல்வார்கள்: பள்ளிவாசல் மினாராவுக்கு நேரே இன்ன பனை என்று. அப்படி ஒரு ஜோடி ஒரு கோட்டைத்தான் தரும். வேறு திசையில் இரண்டாவது ஜோடியையும் கேட்டு எழுதினால்தான் இரு கோடுகளும் வெட்டும் புள்ளி கிடைக்கும். அந்தப் பனை இப்போது நிற்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

அளவுக்கு வருவோம். பாதி குழுக்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

தேவையானவை: 30 மீட்டர் ஃபைபர் நாடா இரண்டு (துணி நாடா ஈரத்தில் இழுபடும், எஃகு நாடா ஒரே நாளில் துருப்பிடிக்கும்), 5 மீட்டர் கை நாடா, தூக்குக்குண்டு, கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் (மட்டம் பார்க்க நீர் நிரப்பும் குழாய்) பத்து மீட்டர், பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை கறுப்பும் வெள்ளையும் மாற்றிப் பூசிய ஒரு மீட்டர் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) இரண்டு, பாலியெஸ்டர் டிரேசிங் ஷீட், 2பி பென்சில். ஜெல் பேனா வேண்டாம்; ஈரக்கை பட்டால் எழுத்து போய்விடும்.

அலை எட்டாத மேட்டில், மரத்தைத் தொடாமல், கரைக்கு இணையாக இரண்டு முளைகள் அடியுங்கள். அவை அ, ஆ; இரண்டையும் இணைக்கும் கோடு அடிக்கோடு. நடுவில் உள்ள தூரம் பொருளின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பத்து மீட்டர் பலகைக் கூட்டத்துக்கு 15 மீட்டர் சரியாக வரும். இந்த முளைகளை யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்றே வைத்துக்கொண்டு, இரண்டிலிருந்தும் அசையாத இரண்டு பொருள்களுக்கு அளவெடுத்து வையுங்கள்: கிணற்றுச் சுவரின் மூலை, எண் எழுதிய மின்கம்பம்.

இனி ஒவ்வொரு பலகை முனைக்கும் அ-விலிருந்து ஓர் அளவு, ஆ-விலிருந்து ஓர் அளவு. தாளில் இரண்டு வட்ட வில்கள் வெட்டும் இடமே அந்தப் புள்ளி. இரண்டு நாடாக்களும் புள்ளியில் சேரும் கோணம் 30 டிகிரிக்குக் குறையவோ 120-ஐத் தாண்டவோ விடாதீர்கள். 15 டிகிரியில் சேர்ந்தால், நாடாவில் நேரும் ஒரு சென்டிமீட்டர் பிழை வரைபடத்தில் நான்கு சென்டிமீட்டர் வரை நகரும். புள்ளி வெகு தூரத்தில் இருந்தால் கோணம் ஒடுங்கும், அடிக்கோட்டை ஒட்டி இருந்தால் விரியும். இரண்டுக்கும் மருந்து, இ என்று மூன்றாவது முளை அடிப்பது. மூன்றாவது அளவு இருந்தால் எழுதும்போது 6-ஐ 9 ஆக்கிய தவறும் மாட்டிக்கொள்ளும்.

நாடா சமமட்டத்தில் இருக்க வேண்டும். ஐந்து மீட்டருக்கு அரை மீட்டர் சரிவு இருந்தாலே இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும். எனவே மேட்டில் இருப்பவர் நாடாவை முளைத் தலையில் பிடிக்க, கீழே இருப்பவர் தூக்குக்குண்டை மரத்தின் மேல் தொங்கவிட்டு, நூலில் அளவு படிக்கட்டும். உயரத்துக்கு டியூப் லெவல். குழாயில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். காற்று ஏறினால் நாடா தொய்ந்து வளையும் என்பதால் விடியற்காலையில் முடித்துவிடுங்கள்.

அடுத்தது படம். போனின் சாதாரண லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள், அகலக் கோண லென்ஸ் ஓரங்களை வளைக்கும். இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று, தலைக்கு மேல் கையைத் தூக்கி ஒரு சுற்று. அடுத்தடுத்த படங்களில் முக்கால் பங்கு பொதுவாக இருக்க வேண்டும். மூன்று மீட்டர் பலகைக்கு அறுபது எழுபது படம் எடுத்தால் கணினியில் முப்பரிமாண வடிவம் சேரும். ரீப்பர் அளவுகோல்களைச் செங்கோணத்தில் வைத்துவிட்டு, சுற்று முடியும்வரை நகர்த்தாதீர்கள். வெயில் ஏறியபின் ஈர மரம் பளபளக்கும், உங்கள் நிழலும் விழும். மென்பொருள் இரண்டையும் மரத்தின் அங்கமாகவே எடுத்துக்கொள்ளும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கும், நேரமும் இருப்பிடமும் அழியும். கேபிளில் மாற்றுங்கள்.

மரத்தில் எதைப் பார்ப்பது? நீளம், அகலம், கனம் மூன்றையும் இரு முனையிலும் நடுவிலும் எடுங்கள். பிறகு பலகைகள் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று பாருங்கள், கலத்தைப் பற்றி அதிகம் சொல்வது அதுதான். ஓரத்தில் சீரான இடைவெளியில் துளைகள், உள்ளே கயிற்று நார் என்றால் தைத்துக் கட்டிய கலம். துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவரை அளவெடுங்கள். தைத்த கலம் என்பதாலேயே மிகப் பழையது என்று எழுதிவிட வேண்டாம், தைத்துக் கட்டும் முறை இந்தியக் கரைகளில் அண்மைக்காலம் வரை இருந்தது. ஆணி என்றால் சதுரமா உருண்டையா, இரும்பா செம்பா, மர முளையா என்று குறியுங்கள். அடிப்பலகையில் உலோகத் தகடு ஒட்டியிருந்தால் ஒரு துப்பு கிடைத்தது: அது செம்பும் துத்தநாகமும் கலந்த மன்ட்ஸ் உலோகம் என்று ஆய்வகம் சொன்னால், அந்தத் தகடு 1832-க்கு முன் அடித்ததாக இருக்காது. அந்த ஆண்டில்தான் அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தார்கள். சுரண்டிப் பார்க்காதீர்கள். துருக்கட்டியை உடைப்பது அதைவிட மோசம். உள்ளே இரும்பு முழுவதும் கரைந்து, அதன் வடிவம் வெற்று அச்சாக மட்டும் மிஞ்சியிருக்கலாம். உடைத்தால் அதுவும் போச்சு.

முடித்ததும் அதே மணலால் மூடுங்கள். காற்றும் வெளிச்சமும் புகாத மணலுக்குள் கப்பல்புழு மரத்தைத் துளைக்க முடியாது. சாக்கு, பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம்.

மரம் கிடைக்காத நாளில் கல் நங்கூரம் தேடலாம். இந்தியப் பெருங்கடல் கரைகளில் கிடைக்கும் ஒரு வகை, நீண்ட சதுரத் தூண் போல இருக்கும். மேலே கயிற்றுக்கு ஒரு துளை, கீழே மரக்கொம்பு செருக ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு துளைகள். 1.5 மீட்டர் நீளம், 25-க்கு 20 சென்டிமீட்டர் குறுக்களவு என்றால் கன அளவு 0.075 கன மீட்டர், கருங்கல்லுக்குக் கன மீட்டருக்கு 2.7 டன் என்று பெருக்கினால் சுமார் 200 கிலோ. தூக்கிப் பார்க்காமலே எடை கிடைத்துவிடும். ஆனால் துளையிட்ட கல் எல்லாம் நங்கூரம் ஆகாது. நம் பக்கத்துப் படல் வாசல் கல்லிலும் துளை உண்டு. கீழ்த் துளைகள் குறுக்காகப் போகின்றனவா என்று பார்த்தபிறகே பெயர் வையுங்கள்.

மழை நாளில் மதுரையிலேயே செய்ய வேண்டிய வேலை பழைய ஆவணத் தேடல். 1910-ல் ராமநாதபுரம் தனி மாவட்டமாகும்வரை பாம்பன் கரை மதுரை மாவட்டக் கணக்கில் இருந்தது. ஆகவே அதற்கு முந்தைய கப்பல் சேதத்தை ஆங்கில ஆவணங்களில் 'மதுரா' என்ற பெயரின் கீழும் தேடுங்கள். ராம்நாடு என்று மட்டும் தேடினால் பாதி தப்பிப்போகும்.

கோப்புப் பெயரில் தேதி, ஊர், பொருள் எண் மூன்றும் இருக்கட்டும். இருப்பிடத்தைத் தசம டிகிரியில் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதி, போன் காட்டும் பிழை அளவையும் பக்கத்தில் குறியுங்கள். முழுத் தொகுப்பு ஒன்று மாநிலத் தொல்லியல் துறைக்கு, ஒன்று குழுவிடம், படங்களின் அச்சு ஒன்று அந்த ஊர்ச் சங்கத்துக்கு. முகநூலில் போடுவதாக இருந்தால் ஊர்ப் பெயரோடு நிறுத்திவிடுங்கள். சரியான இடத்தைப் போட்டால் அடுத்த வாரம் அங்கே கடப்பாரை வந்து நிற்கும்.