பழைய கோகோ, தேயிலை டப்பா சேகரிக்க: முதலில் திருப்பிப் பாருங்கள்

சந்தையில் பழைய டப்பாவைப் பார்த்ததும் கண் படத்துக்குத்தான் போகும். விற்பவருக்கும் அது தெரியும். டப்பாவின் வயதைப் படம் சொல்லாது. பக்கவாட்டிலும் அடியிலும் இருக்கும் பொடி எழுத்துதான் சொல்லும். புதிதாகத் தொடங்குபவர்கள் பிரிட்டன், நெதர்லாந்து டப்பாக்களோடு ஆரம்பிப்பது நல்லது. நிறைய கிடைக்கும், விலையும் கைக்குள் இருக்கும்.

1. ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் வீடு குடோனாகிவிடும். ஒரு நிறுவனம் (ட்ரோஸ்டே, கேட்பரி, ரவுன்ட்ரீ, லிப்டன்) அல்லது முடிசூட்டு விழா போன்ற ஒரு நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். தகரத்தில் ஆஃப்செட் முறையில் அச்சிட 1875இல் லண்டனில் ராபர்ட் பார்க்லே காப்புரிமை பெற்றார். பல வண்ண டப்பாக்கள் பெருகியது அதற்குப் பிறகுதான். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் காகித லேபிள்தான் இருக்கும்.

எனக்கு லிப்டன் மேல் தனி ஈடுபாடு. தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கை மலையகத்தில் தோட்டங்கள் வாங்கினார். அவருடைய விளம்பரங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் வருவார்கள், நம் மலையகத் தமிழ்ப் பெண்கள். அவர்கள் வாங்கிய கூலி எவ்வளவு என்று எந்த டப்பாவும் சொல்லாது.

2. எழுத்தைப் படியுங்கள்

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் டப்பாக்கள் பலவற்றில் அரச முத்திரையும், அரண்மனைக்குச் சரக்கு கொடுப்பவர்கள் என்ற வரியும் இருக்கும். அதில் 'மன்னர்' என்றிருந்தால் பெரும்பாலும் 1901க்கும் 1952க்கும் இடைப்பட்டது. 'ராணி' என்றிருந்தால் அவசரப்படாதீர்கள். விக்டோரியாவாக இருக்கலாம், எலிசபெத்தாக இருக்கலாம், அலெக்சாண்ட்ரா, மேரி போன்ற மன்னரின் மனைவியாகவும் இருக்கலாம்.

அடுத்து எடை. பிரிட்டன் டப்பாவில் கிராம் போட்டிருந்தால் அநேகமாக 1970களுக்குப் பிறகு வந்தது. பவுண்டு, அவுன்ஸ் மட்டும் இருந்தால் அதற்கு முந்தையது. நெதர்லாந்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அங்கே 19ஆம் நூற்றாண்டிலேயே மெட்ரிக் வந்துவிட்டது. பார்கோடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 1974க்குப் பிந்தையது.

அப்புறம் அரிதானது என்று சொல்லி விற்கும் பேச்சு. பிரிட்டன் மன்னர் எட்டாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1937 மே 12 என்று முடிவாகியிருந்தது. அவரோ 1936 டிசம்பரிலேயே முடி துறந்துவிட்டார். நடக்காத விழாவின் டப்பா என்றதும் விலையை ஏற்றுவார்கள். நினைவுப் பொருட்களை முன்கூட்டியே ஏராளமாகச் செய்துவிட்டிருந்தார்கள், அதனால் அவ்வளவு அபூர்வமில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் இருந்த பிரிட்டன் வீரர்களுக்கு 1900 புத்தாண்டுக்காக விக்டோரியா அனுப்பிய சாக்லேட் டப்பாவும் லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டதுதான். உள்ளே சாக்லேட் அப்படியே இருந்தால் மட்டும் கதை வேறு.

3. புதுசா, பழசா?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதல் உலகப் போருக்கு முந்தையது என்று விற்கிறார்களா? படத்தில் ஒரே சீரான இடைவெளியில் வண்ணப் புள்ளிகள் பூப்போல வரிசையாகத் தெரிந்தால் நம்பாதீர்கள். அந்தக் கால ஓவியர் அச்சுக் கல்லில் கையால் வைத்த புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். 1904 வாக்கில் வந்த ட்ரோஸ்டே டப்பாவில், ஒரு செவிலி ஏந்திய தட்டில் அதே டப்பா இருக்கும், அதற்குள் அதே செவிலி. அந்தக் குட்டிச் செவிலியை லென்ஸில் பாருங்கள். பழைய படத்தை நகலெடுத்து அச்சிட்டிருந்தால் முதலில் மங்குவது அவள்தான்.

துருவும் பேசும். உண்மையான துரு விளிம்பிலும் கீலிலும் தொடங்கும். படத்தின் நடுவில் மட்டும் அழகாகப் படிந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

4. சுத்தம் செய்வது

முதலில் மென்மையான தூரிகையால் தூசு தட்டுங்கள். பிறகு பஞ்சு சுற்றிய குச்சியை மிதமான சோப்புத் தண்ணீரில் லேசாக நனைத்து, அடிப்பக்க மூலையில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அதோடு நிறுத்திவிடுங்கள். ஏறாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். இது குத்துவிளக்கு அல்ல, புளியும் எலுமிச்சையும் போட்டால் அச்சே போய்விடும். காகித லேபிளில் தண்ணீரே படக்கூடாது. இறுகிய மூடியைக் கத்தியால் நெம்பாமல், ஸ்பூன் காம்பால் சுற்றிச் சுற்றிக் கொஞ்சமாக எழுப்புங்கள்.

5. வைப்பது

நேர் வெயில் வேண்டாம், சிவப்பு சீக்கிரம் வெளுக்கும். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போதும். அடுக்குவதானால் இடையில் துணி வையுங்கள். பழைய பற்றவைப்பிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கலாம், ஆகவே டீத்தூள் போட்டு வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.