வஞ்சிரக் கூடையும் இரண்டு பேனாவும்

என் நாவலில் காசிமேட்டு மீன் ஏலக் காட்சி ஒன்று. கரையில் அம்மா, விசைப்படகிலிருந்து இறங்கும் மகன். ஒரே பத்தியில் இருவர் மனசுக்குள்ளும் மாறி மாறிப் புகுந்திருந்தேன். படர்க்கையில் எழுதும்போது இந்தச் சறுக்கல் கண்ணில் படாது. படித்த தங்கச்சிதான், "யாரு நினைக்கிறாங்கன்னே புரியலண்ணா" என்றாள்.

இரண்டு பேனா எடுத்தேன்: அம்மா அறிந்ததற்குச் சிவப்புக் கோடு, மகன் அறிந்ததற்கு நீலம். பக்கமே வரிக்குதிரை ஆனது! "கடனை நினைத்துக் கலங்கினான்" என்ற வரி அம்மாவின் காட்சிக்குள் கிடந்தது. அவளுக்கு எப்படித் தெரியும்? "வஞ்சிரக் கூடையை இறக்கியவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை" என்று மாற்றினேன். கடன், மகன் பார்வையில் வரும் அடுத்த அத்தியாயத்துக்குப் போனது. அங்கே முதல் வரியிலேயே அவன் கையின் டீசல் நாற்றம்.

"கடன் எவ்வளவுண்ணா?" என்கிறாள் இப்போது. நானே இன்னும் முடிவு பண்ணவில்லை.