குவிவு விழுக்காடு: ‘வரை’ விட்டுப்போனால் வரும் தவறுகள்

உயர்நிலைக் கணிதத்தில் குவிவு நிகழ்வெண் வளைவு, அதாவது ஒவ்வொரு பிரிவு வரை உள்ள எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய் வரையும் வளைவு, வரும்போது பிள்ளைகள் கூட்டலில் தடுமாறுவது குறைவு. அந்தக் கூட்டுத்தொகையை மொத்தத்தில் இத்தனை விழுக்காடு என்று சொன்னால் அது குவிவு விழுக்காடு. கூட்டி வந்த எண் என்ன சொல்கிறது என்று கேட்டால்தான் விழிப்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான். அலுவலக அறிக்கையில் நானே ஒருமுறை வழுக்கியிருக்கிறேன், அது கடைசியில்.

60 மாணவர்களிடம் பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். 0-10 நிமிடம் 5 பேர், 10-20 நிமிடம் 11 பேர், 20-30க்கு 14, 30-40க்கு 17, 40-50க்கு 13. சரியாக 10 நிமிடம் ஆகிறவர் முதல் பிரிவில். மற்ற எல்லைகளுக்கும் அதே கணக்கு.

பலர் முதலில் ஒவ்வொரு பிரிவுக்கும் விழுக்காடு கண்டு, அதை முழு எண்ணாக்கி, பிறகு கூட்டத் தொடங்குவார்கள். 8, 18, 23, 28, 22. கூட்டிக்கொண்டே போனால் 8, 26, 49, 77, 99. நூறுக்கு ஒன்று குறைகிறது. உடனே 99ஐ அடித்துவிட்டு 100 என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். ஆனால் உண்மையான சேதம் நடுவில் இருக்கிறது. ஆட்களை முதலில் கூட்டுங்கள்: 5, 16, 30, 47, 60. அப்புறம் 60ஆல் வகுங்கள்: 8.3, 26.7, 50, 78.3, 100. சரிபாதிப் பேர் 30 நிமிடத்துக்குள் வந்துவிடுகிறார்கள். 49 என்று எழுதியவருக்கு அந்தப் பாதி கண்ணில் படவே படாது. முழு எண்ணாக்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

வரைபடத்தில் இன்னொரு தொல்லை. பிரிவின் நடுவில் புள்ளி வைத்துப் பழகிய கை, இங்கேயும் 5, 15, 25 என்று நடுவிலேயே வைக்கும். 20-30 பிரிவின் 50 விழுக்காட்டை 25க்கு நேரே வைத்தால் இடைநிலை அளவு, அதாவது சரிபாதிப் பேர் வந்துசேரும் நேரம், 25 நிமிடம் ஆகிவிடும். இருபத்தைந்தாவது நிமிடத்துக்குள் அந்த 14 பேரும் பள்ளி வாசலைத் தாண்டிவிட்டார்கள் என்று யார் சொன்னது? 30 நிமிடம் முடிந்தால்தான் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதனால் புள்ளி எப்போதும் பிரிவின் மேல் எல்லையில்.

78.3ஐப் பார்த்துவிட்டு, ‘30-40 நிமிடம் எடுப்பவர்கள் 78.3 விழுக்காடு’ என்று வாசிப்பதும் உண்டு. அந்தப் பிரிவில் இருப்பது 28.3தான். 78.3 என்பது 40 நிமிடம் வரை ஆகிற எல்லாரும். அதற்கு மேல் ஆகிறவர்கள் எத்தனை விழுக்காடு என்றால் நூறிலிருந்து கழியுங்கள்: 21.7.

சிங்கப்பூரில் நம் பெற்றோருக்கு மிகப் பழக்கமான அட்டவணை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் ஏஎல் (அடைவுநிலை) தரம். 2021இல் வந்த இந்த முறையில் 90ம் அதற்கு மேலும் மதிப்பெண் என்றால் ஏஎல்1, 85-89 ஏஎல்2, 80-84 ஏஎல்3, 75-79 ஏஎல்4, 65-74 ஏஎல்5, 45-64 ஏஎல்6, 20-44 ஏஎல்7, அதற்கும் கீழே ஏஎல்8. இங்கே எண் ஏற ஏற மதிப்பெண் இறங்குகிறது. ஆகவே ‘ஏஎல்4 வரை’ என்றால் 75ம் அதற்கு மேலும். அதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு கவலைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலும், ஏஎல்3 ஐந்தே மதிப்பெண் அகலம், ஏஎல்6 இருபது. எட்டையும் சம இடைவெளியில் வைத்து வளைவு வரைந்தால், எங்கே மாணவர்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கிறார்கள் என்பது தப்பாகத் தெரியும்.

வரிசையே இல்லாத பிரிவுகளில் குவிவு விழுக்காட்டுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9, மற்றவர் 3.2 விழுக்காடு. கூட்டிப் பார்த்து ‘இந்தியர் வரை 96.8’ என்றால் அதற்கு என்ன பொருள்? வரிசையை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். தரக்கட்டுப்பாட்டில் குறைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும் பரேட்டோ வரைபடம் மட்டும் விதிவிலக்கு; அங்கே அடுக்குவதற்கே ஒரு காரணம் இருக்கிறது.

இரண்டு வகுப்புகளின் குவிவு விழுக்காடுகளைக் கூட்டி இரண்டால் வகுப்பதும் வேண்டாம். 40 பேர் வகுப்பில் 50 விழுக்காடு, 20 பேர் வகுப்பில் 80 விழுக்காடு என்றால் மொத்தத்தில் 65 இல்லை; 60 பேரில் 36 பேர், அதாவது 60.

இனி என் கதை. ஊழியர் கருத்தாய்வில் 75 பேருக்குப் படிவம் கொடுத்தோம். ஒரு கேள்வியை 15 பேர் தொடவே இல்லை. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் குவிவு விழுக்காட்டைப் பதில் தந்தவர்களை மட்டும் வைத்தே கணக்கிடும். ‘ஓரளவு திருப்தி’ வரிக்கு நேரே 50 என்று இருந்தது. ‘ஊழியர்களில் பாதிப்பேர் ஓரளவு திருப்தி அல்லது அதற்கு மேல்’ என்று எழுதிவிட்டேன். அது 30 பேர். 75 பேரில் 40 விழுக்காடுதான். ‘பதில் சொன்னவர்களில் பாதிப்பேர்’ என்றிருந்தால் பிழையில்லை. கூட்டத்தில் மேலாளர் அட்டவணையின் அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டு, “சரி, மிச்சம் பதினைந்து பேர் எங்கே?” என்றார்.